பேண்ட்சா நேரா வெட்ட மாட்டேங்குதா? ஃபென்ஸ விடுங்க, முதல்ல கைட லூஸ் பண்ணுங்க

பேண்ட்சாவுல (ரெண்டு வீல் மேல வளையமா ஓடுற பிளேடு உள்ள ரம்ப மெஷின்) நேர் வெட்டே வராது, அது வளைவு வெட்டுறதுக்கு மட்டும்தான்னு ஒரு பேச்சு இருக்கு. நானும் ரொம்ப நாளா அத நம்பிட்டு, கோட்டுக்கு ரெண்டு நூல் (ஒரு நூல்னா அரைக்கால் இன்ச், 1/8) தள்ளியே வெட்டி மிச்சத்த இழைப்புளி போட்டு சரி பண்ணிட்டு இருந்தேன். பலகை ஃபென்ஸ (பலகைய நேரா தள்ளுறதுக்காக டேபிள் மேல நிக்கிற தடுப்பு) ஒட்டி நல்லாத்தான் கிளம்பும், பாதி தூரம் போனதும் பிளேடு ஒரு பக்கமா இழுக்கும், ஃபென்ஸுக்கும் பலகைக்கும் நடுவுல சந்து விழும், இல்லன்னா பலகை ஃபென்ஸ்ல போய் முட்டிக்கிட்டு நகராம நிக்கும். உடனே என்ன பண்ணுவோம், ஃபென்ஸ கொஞ்சம் திருப்பி வைப்போம். அடுத்த பலகைக்கு வேற மாதிரி இழுக்கும். திரும்ப ஃபென்ஸ். இப்படியே பொழுது போயிடும்.

தப்பு பெரும்பாலும் ஃபென்ஸ்ல இருக்காது. இந்த மெஷின்ல ஒவ்வொரு அட்ஜஸ்ட்மென்ட்டும் அதுக்கு முன்னாடி பண்ணது மேல தான் நிக்குது. பிளேடு, டென்ஷன் (பிளேட்டோட விறைப்பு), டிராக்கிங் (பிளேடு வீல் மேல எந்த இடத்துல ஓடுதுங்கிறது), டேபிள், கைடு, கடைசியா ஃபென்ஸ். இந்த வரிசைல பண்ணா ஒரு மணி நேர வேலை, வரிசைய மாத்தி பண்ணா முடியவே முடியாத வேலை. முக்கியமா கைடு, அதாவது பிளேடுக்கு ரெண்டு பக்கமும் நிக்கிற கட்டையோ பேரிங்கோ. நிறைய பேரு கைடு தான் பிளேட்ட நேரா புடிச்சு வைக்குதுன்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல. பிளேடு டென்ஷன்லயே தானா நேரா ஓடணும், கைடு பக்கத்துல சும்மா நிக்கணும், மரம் தள்ளும்போது பிளேடு விலகுனா மட்டும் தடுக்கணும். கைட டைட்டா வச்சுக்கிட்டு டிராக்கிங் பாத்தீங்கன்னா, பிளேடு தப்பா ஓடுறத கைடு மறைச்சிடும், நீங்களும் எல்லாம் சரியா இருக்குன்னு நம்பிடுவீங்க.

அதனால முதல் வேலை, பிளக்க புடுங்கிட்டு (சுவிட்ச ஆஃப் பண்ணா போதாது, பிளக்கையே புடுங்குங்க, கைய வீலுக்குள்ள விடப்போறீங்க) மேல இருக்கிற கைடு, கீழ டேபிளுக்கு அடில இருக்கிற கைடு, ரெண்டுக்கும் பின்னாடி பிளேட்டோட முதுக தாங்குற திரஸ்ட் பேரிங், எல்லாத்தையும் லூஸ் பண்ணி பிளேட்ட தொடாத தூரத்துக்கு தள்ளி விட்டுடுங்க. கீழ் கைட மறந்துடாதீங்க. குனிஞ்சு பாக்கணும், இருட்டா இருக்கும், தூசி அடைஞ்சிருக்கும், அதனாலயே யாரும் அத தொட மாட்டாங்க, பாதி பிரச்சனை அங்கதான் குடியிருக்கும்.

டென்ஷன இறக்கி பிளேட்ட கழட்டுங்க. டேபிள்ல பிளேடு வெளிய வர்ற ஸ்லாட் வாயில ஒரு பின்னோ போல்ட்டோ இருக்கும், டேபிளோட ரெண்டு பக்கமும் ஒரே மட்டமா நிக்கிறதுக்காக போட்டது, அத முதல்ல எடுத்தாதான் பிளேடு வெளிய வரும், திரும்ப போடவும் மறக்கக்கூடாது.

இப்ப வீல பாருங்க. வீல் மேல ரப்பர்லயோ யூரித்தேன்லயோ ஒரு டயர் இருக்கும். அது மேல மரத்தூளும் மரத்தோட பிசினும் சேந்து கெட்டியா அப்பிக்கிட்டு இருக்கும், முக்கியமா கீழ் வீல்ல, ஏன்னா தூள் முழுக்க அங்கதான் விழுது. விரல வச்சு டயர் மேல மெதுவா தேய்ச்சுக்கிட்டே வீல ஒரு சுத்து சுத்துங்க. எங்கயாவது மேடு தட்டுனா அதுதான் பிளேடு ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவ துள்ளுறதுக்கு காரணம். மரச்சில்லாலயோ பிளாஸ்டிக் துண்டாலயோ சுரண்டுங்க, உளி வச்சு சுரண்டி டயர கிழிச்சுடாதீங்க. டயர்ல வெடிப்பு இருந்தாலோ, நகத்தால அழுத்துனா எழும்பாம குழி அப்படியே நின்னாலோ, டயர மாத்துற காலம் வந்தாச்சு. வீல முன்னும் பின்னும் ஆட்டியும் பாருங்க, லொட லொடன்னு ஆடுச்சுன்னா வீல் பேரிங் போச்சு, அத வச்சுக்கிட்டு எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் நிக்காது.

ரெண்டு வீலும் ஒரே தளத்துல இருக்கான்னு ஒரு நீளமான நேர்க்கட்டைய வச்சு பாத்து, வாஷர் போட்டு சரி பண்ணணும்னு ஒரு கூட்டம் சொல்லும். என் அபிப்ராயம், பிளேடு நல்லா டிராக் ஆகி நிக்குதுன்னா அத தொடாதீங்க. டிராக்கிங் நாப்ப கடைசி வரைக்கும் திருப்பியும் பிளேடு நிக்கலன்னா மட்டும் அந்த சோதனைக்கு போங்க.

பிளேடு

எவ்வளவு அட்ஜஸ்ட் பண்ணாலும் மொட்ட பிளேடு நேரா வெட்டாது. மொட்டையாயிடுச்சான்னு பாக்க ஒரு வழி, பிளேட்ட ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சு பல்லோட நுனிய பாருங்க. கூரான நுனி வெளிச்சத்த திருப்பி அடிக்காது, மழுங்குன நுனில ஒரு சின்ன வெள்ளப் புள்ளி மின்னும். ஒரு பக்கப் பல்லு மட்டும் மின்னுதுன்னா இன்னும் மோசம், ஏன்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

புதுசு வாங்குறதுன்னா மூணு விஷயம் பாக்கணும்: அகலம், ஒரு இன்ச்சுக்கு எத்தன பல்லு, நீளம். அகலம் அதிகமா இருந்தா நேர் வெட்டு நல்லா வரும், ஆனா வளைவு திரும்பாது. கால் இன்ச் பிளேடு சுமாரா 5/8 இன்ச் ஆரம் உள்ள வளைவு வரைக்கும் திரும்பும், அரை இன்ச் பிளேடுக்கு ரெண்டரை இன்ச் ஆரம் வேணும். நேர் வெட்டுக்கும், பலகைய நிக்க வச்சு ரெண்டா பிளக்குற ரீசா வேலைக்கும் அரை இன்ச்சோ அதுக்கு மேலயோ போடுங்க. ஆனா மெஷின் தாங்குற அதிகபட்ச அகலம்னு போட்டிருக்கிறத அப்படியே நம்பி முக்கா இன்ச் வாங்கிடாதீங்க. சின்ன மெஷின்ல ஸ்பிரிங்கும் ஃபிரேமும் அவ்வளவு அகல பிளேடுக்கு வேண்டிய டென்ஷன குடுக்காது, முக்கா இன்ச் பிளேடு தொளதொளன்னு ஓடுறதுக்கு அரை இன்ச் பிளேடு விறைப்பா ஓடுறது எவ்வளவோ மேல்.

பல்லு எண்ணிக்கை விஷயத்துல எல்லாரும் ஒரு தடவையாவது ஏமாறுவோம். பல்லு அதிகமா இருந்தா வெட்டு வழுவழுப்பா வரும்னு 14 டிபிஐ (அதாவது ஒரு இன்ச்சுக்கு 14 பல்லு) பிளேட போட்டு ஆறு இன்ச் கட்டைய பிளக்கப் பாப்போம். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னாடி ஒரு பள்ளம் இருக்குல்ல, வெட்டுன தூள் அதுலதான் ஏறி கீழ போகணும். பள்ளம் சின்னதா இருந்தா மரத்துக்குள்ள இருக்கும்போதே நிரம்பிடும், அதுக்கப்புறம் பல்லு வெட்டாது, தூள தேய்ச்சுக்கிட்டே சூடாகும், பிளேடு போக வழி இல்லாம பக்கவாட்டுல வளையும். ரீசாவுக்கு 3 டிபிஐ, முக்கா இன்ச் ஒரு இன்ச் பலகைக்கு 6ல இருந்து 10, ரொம்ப மெல்லிசுக்கு 14. எப்பவும் மரத்தோட கனத்துக்குள்ள குறைஞ்சது மூணு பல்லாவது இருக்கணும், இல்லன்னா பல்லு மாட்டி மரத்த பிச்சு எடுத்துடும்.

நீளத்த மேனுவல்ல போட்டிருப்பாங்க. மேனுவல் இல்லன்னா மேல் வீல டென்ஷன் திருகோட நடு அளவுல நிறுத்தி, ரெண்டு வீலோட மையத்துக்கும் நடுவுல உள்ள தூரத்த அளந்து ரெண்டால பெருக்கி, அதோட வீல் விட்டம் பெருக்கல் 3.14 கூட்டிக்கோங்க. ரொம்ப பேருகிட்ட இருக்கிற 14 இன்ச் வார்ப்பிரும்பு மாடலுக்கு இது பெரும்பாலும் 93.5 இன்ச் வரும்.

பிளேட்ட ஒட்டுன இடத்தையும் தடவிப் பாருங்க. பின்பக்கம் மேடா இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் பேரிங்க டிக் டிக்குன்னு அடிக்கும். ஒரு சாணைக்கல்ல வச்சு தேய்ச்சு சமமாக்கிக்கலாம். இந்த ஒட்டு ஒரு காலத்துல பெரிய தலைவலியா இருந்திருக்கு. வில்லியம் நியூபெரி லண்டன்ல பேண்ட்சாவுக்கு காப்புரிமை வாங்குனது 1808ல, ஆனா வளைஞ்சு வளைஞ்சு ஓடியும் விட்டுப்போகாத மாதிரி பிளேட்ட ஒட்டத் தெரியாம அந்த மெஷின் பல வருஷம் உபயோகத்துக்கே வரல. பிரான்ஸ்ல ஆன் பாலின் கிரெபின்னு ஒரு அம்மா 1846ல பிளேடு ஒட்டுற முறைக்கு காப்புரிமை வாங்குனதுக்கு அப்புறம்தான் விஷயம் நகர ஆரம்பிச்சுது. இப்ப நாம ஒட்டு மேடா இருக்குன்னு குறை சொல்லிட்டு இருக்கோம்.

மாட்டுறது, டென்ஷன், டிராக்கிங்

பிளேடு மூணு வளையமா சுருட்டி வரும். கண்ணாடி, கையுறை போட்டுட்டு, கைய நீட்டி உடம்புல இருந்து தள்ளி புடிச்சு பிரிங்க, பாம்பு மாதிரி சடக்குன்னு விரியும். மாட்டும்போது டேபிள்கிட்ட வர்ற பக்கத்துல பல்லு உங்கள பாத்தும் கீழ பாத்தும் இருக்கணும். மேல பாத்து இருந்துச்சுன்னா தப்பான பிளேட்ட குடுத்துட்டான்னு கடைக்காரர திட்டாதீங்க, பிளேட்ட உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி முறுக்கி திருப்புனா சரியாயிடும்.

கொஞ்சமா டென்ஷன் குடுங்க, பிளேடு வீல்ல இருந்து நழுவாத அளவுக்கு. மேல் வீல கையால சுத்துங்க, ஸ்போக்க புடிச்சு சுத்துங்க, விரல் பிளேடுக்கும் டயருக்கும் நடுவுல போகாம. பின்னாடி இருக்கிற டிராக்கிங் நாப் மேல் வீல முன்ன பின்ன சாய்க்கும், பிளேடு அதுக்கேத்த மாதிரி டயர்ல முன்னாடியோ பின்னாடியோ நகரும். கால் திருப்பு திருப்புறது, நாலஞ்சு சுத்து சுத்திப் பாக்கிறது, அவ்வளவுதான், ஏன்னா பிளேடு உடனே நகராது, ரெண்டு மூணு சுத்துக்கு அப்புறம்தான் புது இடத்துல போய் உக்காரும். அவசரப்பட்டு நாப்ப திருப்பிக்கிட்டே இருந்தா பிளேடு முன்பக்கமா கழண்டு விழும், எனக்கு விழுந்திருக்கு.

எங்க நிக்கணும்? நடுவுல கொஞ்சம் மேடா இருக்கிற டயரா இருந்தா (பெரும்பாலான சின்ன மெஷின் அப்படித்தான்) பிளேடு தானாவே அந்த மேட்ட தேடிப் போகும், அந்தக் காலத்து தோல் பெல்ட் புல்லி மேல ஓடுன அதே தத்துவம். பிளேட்டோட அகலத்துக்கு நடுவ டயரோட நடுவுல வைக்கணும்னு சிலர் சொல்வாங்க, பல்லுக்கு நடுவுல உள்ள பள்ளத்தோட அடிய டயரோட நடுவுல வைக்கணும்னு சிலர் சொல்வாங்க. நான் ரெண்டாவது கட்சி. அப்படி வச்சா டென்ஷன் முழுக்க வெட்டுற முன்பக்கத்துல ஏறுது, பிளேடு ஒரு பக்கம் இழுக்கிறது கண்ணால பாக்கிற அளவுக்கு குறையுது. கால் இன்ச் பிளேட்ல இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, அரை இன்ச்ல நல்லா தெரியும். மேடே இல்லாத தட்டையான டயர் உள்ள மெஷினுக்கு இது பொருந்தாது, அதுல பல்லு வீலோட முன் ஓரத்துக்கு கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு ஓடும், மேனுவல்ல சொல்றபடி வச்சுக்கோங்க.

கையால சுத்தி நின்னதுக்கு அப்புறம் முழு டென்ஷன். மெஷின்ல ஒரு ஸ்கேல் ஒட்டியிருக்கும், கால் இன்ச், அரை இன்ச்னு போட்டிருக்கும், அத ஒரு ஆரம்பமா மட்டும் எடுத்துக்கோங்க, வருஷம் ஆக ஆக ஸ்பிரிங் தளந்துடும், ஸ்கேல் மட்டும் அதே கதையச் சொல்லிட்டு இருக்கும். என்னோட சோதனை, மேல் கைட டேபிள்ல இருந்து ஆறு இன்ச் உயரத்துக்கு தூக்கிட்டு, பிளேடோட பக்கவாட்டுல நடுவுல ஆள்காட்டி விரலால தள்ளணும், விரல் நுனி வெளுக்கிற அளவு அழுத்தம், ரெண்டு நூலுக்கு மேல பிளேடு வளையக்கூடாது. அதாவது கால் இன்ச்.

இன்னொரு வழி ஓட விட்டு பாக்கிறது. கைடெல்லாம் தள்ளி இருக்கு, கதவ மூடுங்க, பிளக்க மாட்டி ஆன் பண்ணி மெஷினுக்கு பக்கவாட்டுல நில்லுங்க. டென்ஷன் நாப்ப மெதுவா லூஸ் பண்ணிக்கிட்டே வந்தா ஒரு கட்டத்துல பிளேடு படபடன்னு அலைய ஆரம்பிக்கும், ரெண்டு பிளேடு மாதிரி மங்கலா தெரியும். அங்க நிறுத்தி திரும்ப டைட் பண்ணுங்க, அலை நிக்கிற இடத்துல இருந்து இன்னும் கால் திருப்பு. சாதாரண வேலைக்கு இது போதும், உயரமான கட்டைய பிளக்கணும்னா இதுக்கு மேல கொஞ்சம் ஏத்திக்கோங்க.

டென்ஷன் ஏத்துனதும் டிராக்கிங் மாறியிருக்கும், திரும்ப ஒரு தடவ பாருங்க, பிளக்க புடுங்கிட்டு.

டேபிள்

மூலமட்டத்த (தொண்ணூறு டிகிரி பாக்கிற எல் வடிவ மட்டம்) டேபிள்ல வச்சு பிளேட்டோட பக்கத்துல ஒட்டிப் பாருங்க. மட்டம் பல்லு மேல படக்கூடாது, பல்ல இடதும் வலதுமா வளைச்சு விட்டிருப்பாங்க, அதுல பட்டா கணக்கு தப்பும், பல்லுக்கு பின்னாடி தட்டையான இடத்துல படணும். மட்டத்துக்கும் பிளேடுக்கும் நடுவுல வெளிச்சம் கீழ இருந்து மேல வரைக்கும் ஒரே மாதிரி தெரியணும், இல்ல எங்கயுமே தெரியக்கூடாது. சரியானதும் டேபிளுக்கு அடில இருக்கிற ஸ்டாப் போல்ட்ட அந்த இடத்துல நிறுத்தி நட்ட டைட் பண்ணிடுங்க, அடுத்த தடவ சாய்ச்சுட்டு திரும்ப வரும்போது அதே இடத்துல வந்து உக்காரும்.

மூலமட்டமே சரியாங்கிற சந்தேகம் இருந்தா இது பண்ணுங்க. மூணு நாலு இன்ச் உயரக் கட்டை ஒண்ண டேபிள்ல நிக்க வச்சு பிளேடுல லேசா ஒரு வெட்டு போடுங்க, கால் இன்ச் ஆழம் போதும். மெஷின ஆஃப் பண்ணி பிளேடு முழுசா நின்னதும் அதே கட்டைய அடிப்பக்கம் மாறாம பிளேடுக்கு பின்பக்கம் கொண்டு போய், அந்த வெட்டு வாய்க்குள்ள பிளேட்டோட முதுகு நுழையுதான்னு பாருங்க. வழுக்கிக்கிட்டு உள்ள போனா தொண்ணூறு டிகிரி. மேல நுழைஞ்சு கீழ இடிச்சுதுன்னா டேபிள் சாஞ்சிருக்கு, அதுவும் இந்த முறைல தப்பு ரெண்டு மடங்கா தெரியும், அதனால ஏமாத்தவே முடியாது.

கைடு

இப்பதான் கைடுக்கு வர்றோம். முதல்ல திரஸ்ட் பேரிங், பிளேட்டோட முதுகுக்கு பின்னாடி இருக்கிறது. பிளேடுக்கும் அதுக்கும் நடுவுல மூணு நாலு பேப்பர் கனம் இடைவெளி விடுங்க. மெஷின் சும்மா ஓடும்போது பேரிங் சுத்தக்கூடாது, மரத்த தள்ளும்போது மட்டும் சுத்தணும். எப்பவும் உரசிக்கிட்டே இருந்தா பேரிங்கும் தேயும், பிளேட்டோட முதுகும் கெட்டியாகி வெடிப்பு விடும்.

அடுத்து பக்க கைடு, கட்டையா இருந்தாலும் சரி பேரிங்கா இருந்தாலும் சரி. முன்ன பின்ன அளவ முதல்ல வைக்கணும். கைடோட முன் ஓரம் பல்லோட பள்ளத்துக்கு அரை நூல் பின்னாடி நிக்கணும், பிளேட்ட விரலால பின்னாடி தள்ளி திரஸ்ட் பேரிங்க தொட வச்சாக்கூட பல்லு கைடுக்குள்ள போகக்கூடாது.

இந்த அரை நூல நான் மதிக்காம இருந்ததுக்குத்தான் மேல சொன்ன ஃபென்ஸ் கூத்தெல்லாம். புது பிளேடு, டென்ஷன் சரி, டிராக்கிங் சரி, டேபிள் சரி, ஆனா எந்தப் பலகைய குடுத்தாலும் வலது பக்கம் இழுக்குது. ஃபென்ஸ திருப்புனேன், அதுக்கு அடில அட்டை வச்சேன், மெஷினையே சந்தேகப்பட்டேன். கடைசில பிளேட்ட கழட்டி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா, இடது பக்கம் வளைஞ்ச பல்லு அத்தனையும் வரிசையா மின்னுது, வலது பக்கப் பல்லு ஒண்ணுகூட மின்னல. இடது கைடு கட்டை ஒரு நூல் முன்னாடி நின்னிருக்கு, மரத்த தள்ளும்போதெல்லாம் பிளேடு பின்னாடி போயி இடது பல்ல அந்த இரும்புக் கட்டைல சாணை புடிச்சிருக்கு. பிளேடு எப்பவும் கூரா இருக்கிற பக்கம்தான் இழுக்கும். கைடு கட்டைய எடுத்துப் பாத்தா அதோட மூலைல பளபளன்னு ஒரு சின்ன வாய்க்கால் தோண்டியிருக்கு. அந்த பிளேட்ட தூக்கிப் போட்டதுதான் மிச்சம்.

சரி, பக்க இடைவெளி. ஒரு சாதாரண பேப்பர நறுக்கி பிளேட்டோட முதுகு வழியா ரெண்டு பக்கமும் மடிச்சு போடுங்க, ரெண்டு கைடையும் பேப்பர லேசா தொடுற வரைக்கும் கொண்டு வந்து டைட் பண்ணி பேப்பர உருவிடுங்க. கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். கைடு பிளேட்ட ஒரு பக்கமா தள்ளுதான்னு கவனிங்க, ஒரு கைட டைட் பண்ணும்போது பிளேடு அசைஞ்சா அது அதிகமா வந்திடுச்சுன்னு அர்த்தம். திருக டைட் பண்ணும்போது கட்டை சேந்து திரும்புறதும் உண்டு, அதனால டைட் பண்ணதுக்கு அப்புறம் இன்னொரு தடவ பேப்பர விட்டுப் பாருங்க. கீழ் கைடுக்கும் இதே வேலை, முட்டி போட்டு டார்ச் அடிச்சு பண்ணுங்க.

முடிஞ்சதும் மேல் கைடு நிக்கிற கம்பத்த ஏத்தி இறக்கிப் பாருங்க. கீழ இருக்கும்போது சரியா இருந்த இடைவெளி மேல போனா ஒரு பக்கம் ஒட்டிக்கும், நிறைய மெஷின்ல இந்தக் கோளாறு இருக்கு. கம்பத்த சரி பண்ண வழி இருந்தா பண்ணுங்க, இல்லன்னா உயரத்த ரொம்ப மாத்தும்போது கைட மறுபடி பாத்துக்கிறது ஒண்ணுதான் வழி. வேலை செய்யும்போது கைடு மரத்துக்கு கால் இன்ச் மேல நிக்கணும், அதுக்கு மேல தூக்கி வைக்காதீங்க, வெட்டும் கெடும், விரலுக்கும் ஆபத்து.

கடைசியா ஃபென்ஸ்

ஃபென்ஸ முதல்ல டேபிள்ல முன்ன இருந்து பின்ன வரைக்கும் ஓடுற மைட்டர் பள்ளத்துக்கு இணையா வைங்க. இவ்வளவும் ஒழுங்கா பண்ணியிருந்தா பாதிக்கு மேல தடவ அப்படியே நேரா வெட்டும். வெட்டலன்னா, ரெண்டடி நீளத்துல ஓரம் நேரா இருக்கிற ஒரு பலகைய எடுத்து, ஓரத்துக்கு இணையா பென்சில் கோடு போடுங்க. ஃபென்ஸ எடுத்துட்டு வெறும் கையால அந்தக் கோட்டுலயே வெட்டுங்க. கோட்டுல நிக்கிறதுக்காக உங்க கை தானா பலகைய ஒரு கோணத்துல திருப்பி வச்சிருக்கும், அதுதான் இந்த பிளேடு விரும்புற கோணம். ஒரு அடி வெட்டுனதும் பலகைய அசைக்காம அழுத்திப் புடிச்சுக்கிட்டே மெஷின ஆஃப் பண்ணுங்க, பிளேடு நின்னதும் பலகையோட ஓரத்த ஒட்டி டேபிள்ல ஒரு கோடு போட்டு ஃபென்ஸ அந்தக் கோணத்துக்கு திருப்பி டைட் பண்ணுங்க.

இந்தக் கோணம் இந்த பிளேடுக்கு மட்டும்தான். பிளேடு மாத்துனா மாறும். ஒரே பிளேடுலயும் நாளாக நாளாக கோணம் கூடிக்கிட்டே போகுதுன்னா பல்லு ஒரு பக்கம் மழுங்குதுன்னு அர்த்தம், அப்ப ஃபென்ஸ திருப்பிக்கிட்டே இருக்காதீங்க.

சோதனைக்கு கொஞ்சம் உயரமான கட்டைல, நாலு இன்ச்சாவது இருக்கட்டும், ஒரு நூல் கனத்துக்கு ஒரு தகடு வெட்டி எடுங்க. அதோட நாலு மூலையையும் நடுவையும் அளந்தா மெஷினோட ஜாதகமே தெரிஞ்சிடும். மேல ஒரு கனம் கீழ ஒரு கனம்னா டேபிளோ ஃபென்ஸோ செங்குத்தா இல்ல. முன்னாடி ஒரு கனம் பின்னாடி ஒரு கனம்னா ஃபென்ஸ் கோணம். மேலயும் கீழயும் சரியா இருந்து நடுவுல மட்டும் தொப்பை போட்டிருந்தா பிளேடு மரத்துக்குள்ள வளைஞ்சிருக்கு. அதுக்கு டென்ஷன் குறைவா இருக்கலாம், பிளேடு மொட்டையா இருக்கலாம், பல்லு ரொம்ப நெருக்கமா இருக்கலாம், ஆனா நான் பாத்த வரைக்கும் முக்கால்வாசி தடவ ஆளு அவசரப்பட்டு தள்ளுனதுதான் காரணம். தள்ளுற வேகத்த பாதியா குறைச்சு இன்னொரு தகடு வெட்டிப் பாத்துட்டு அப்புறம் மெஷின குறை சொல்லுங்க. வெட்டுன முகத்துல ஒரே இடைவெளில கோடு கோடா விழுந்தா பிளேட்ட ஒட்டுன இடத்தையோ டயர் மேல அப்புன தூளையோ போய் பாருங்க.

உருட்டுக் கட்டைய மட்டும் வெறும் கையால புடிச்சு குறுக்க அறுக்காதீங்க. பல்லு அத சுழட்டி உள்ள இழுத்துக்கும், கையும் கூடவே போகும். வி வடிவத்துல ஒரு தொட்டில் செஞ்சு அதுல உக்கார வச்சு அறுங்க, பல்லு படுற இடத்துல அடில மரம் தாங்கிக்கிட்டு இருக்கணும்.

வேலை முடிஞ்சதும் டென்ஷன இறக்கி விட்டுடுங்க, இல்லன்னா ஒரே இடத்துல பிளேடு அழுத்தி டயர்ல தழும்பு விழும், ஸ்பிரிங்கும் சீக்கிரம் தளரும். இறக்குனத மறந்துட்டு அடுத்த நாள் சுவிட்ச போட்டா பிளேடு வீல விட்டு கழண்டு உள்ள சுத்திக்கும், அதனால நான் இறக்குன உடனே ஒரு சிவப்புத் துணிய சுவிட்ச் மேல கட்டி விட்டுடுவேன். எத்தன திருப்பு இறக்குனேன்னு கதவு உள்பக்கம் பென்சில்ல எழுதியும் வச்சிருக்கேன், அரை இன்ச் பிளேடுக்கு என் மெஷின்ல மூணரை.